சென்னையை விடப் பக்கத்தில் பாங்காக்! மின்னி பே பிள்ளைகளுக்கு உலகப் பாடம்

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பரீட்சை நடப்பது வழக்கம். பரீட்சை எழுதுவது அந்த வீட்டின் கடைக்குட்டி.

"மாமாவுக்குச் சொல்லு கண்ணு, ஜப்பான் தலைநகரம்?"

"டோக்கியோ!"

"பிரான்ஸ்?"

"பாரீஸ்!"

கைதட்டல் கிடைக்கும். ஒரு பிஸ்கட்டும் கிடைக்கும். அதே பிள்ளையை அழைத்து, "டோக்கியோ எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டால் விழிக்கும். "அது ஊரா, நாடா?" என்று கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

பசுமரத்தில் அடித்த ஆணி போலப் பதியும் வயது அது. ஐந்து வயதில் ஐம்பது தலைநகரங்களைச் சொல்ல வைப்பது ஒன்றும் கடினம் அல்ல. ஆனால் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு சட்டை வேண்டாமா?

அந்தச் சட்டையை மாட்டுவதற்கு, அந்தமானின் மின்னி பே போன்ற வசதியான இடம் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

நூல் சொல்லும் செய்தி

மின்னி பே, போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி. 2024 செப்டம்பரில் அந்த நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பழைய பெயரும் வாயை விட்டுப் போகவில்லை. "பே" என்றால் கடல் நிலத்துக்குள் நுழைந்த இடம். வங்காள விரிகுடாவும் ஒரு பெரிய "பே" தான். ஆகவே அங்குள்ள பிள்ளைக்கு முதல் பூகோளப் பாடம் வீட்டு விலாசத்திலேயே இருக்கிறது.

அடுத்த பாடத்துக்கு உலக உருண்டை ஒன்றும், தையல் நூல் கொஞ்சமும் போதும். உருண்டையில் அந்தமானைத் தேடுவதே ஒரு விளையாட்டு. கடலில் மிளகைத் தூவியது போல நாலைந்து புள்ளிகள் தெரியும். நூலின் ஒரு முனையை அங்கே வைத்து மறு முனையைச் சென்னைக்கு இழுக்க வேண்டும். தூரம் 1,350 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓர் அடி விட்டமுள்ள உருண்டையில் அது மூன்று சென்டிமீட்டர் சொச்சம்.

அதே நூலைத் திருப்பினால் மலேசியாவின் தலைநகர் கோலாலம்பூரை எட்டும். வடக்கே திருப்பினால் வங்கதேசத்தின் தலைநகர் டாக்காவை எட்டும். மூன்றும் ஏறத்தாழ ஒரே தூரம்! தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்குக்கு நூல் மீந்து போகும். அது 900 கிலோமீட்டர் கூட இல்லை. மியான்மரின் யாங்கோன் 700 கிலோமீட்டருக்குள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மின்னி பேக்குப் புதுடெல்லியும் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவும் ஏறக்குறைய சம தூரம். இரண்டும் சுமார் 2,500 கிலோமீட்டர்.

இப்படி நூல் பிடித்து அளந்த பிள்ளை, பாங்காக் என்ற பெயரை மறந்தாலும் அது இருக்கும் திசையை மறக்காது.

கடிகாரமும் உதவும். அங்கே ஜூன் மாதம் காலை 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்குச் சூரியன் விழுந்துவிடும். குஜராத்தின் துவாரகையில் சூரியன் உதிப்பது அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான். ஆனால் இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றே. மியான்மரோ தன் கடிகாரத்தை இந்தியாவை விட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறது. தாய்லாந்து ஒன்றரை மணி நேரம். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அதற்கும் உருண்டையும் ஒரு டார்ச் விளக்கும் போதும்.

அந்தமானா, இந்தியாவா?

பெரியவர்கள் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் மனோதத்துவ அறிஞர் பியாஜே, ஜெனீவா நகரத்துப் பிள்ளைகளை விசாரித்துப் பார்த்தார். அந்த ஆராய்ச்சி 1951-ம் ஆண்டு வெளிவந்தது. ஜெனீவாவில் இருக்கும் ஒருவர் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறார் என்பதைச் சிறு பிள்ளைகளால் ஏற்க முடியவில்லை. படம் வரையச் சொன்னால் ஊருக்கு ஒரு வட்டம், நாட்டுக்கு ஒரு வட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். வட்டத்துக்குள் வட்டம் என்பது ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் மெதுவாகப் பிடிபடுகிறது.

அந்தமான் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. வீட்டில் எந்நேரமும் "மெயின்லேண்ட்" பேச்சு. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தது, மெயின்லேண்டிலிருந்து பாட்டி வருகிறாள் என்றால், இந்தியா அங்கே இருக்கிறது, நாம் வேறு எங்கோ இருக்கிறோம் என்று பிள்ளை நினைப்பதில் தவறு என்ன?

இதற்குச் சமையலறையில் மருந்து இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தை எடுத்து வைக்க வேண்டியதுதான். மிகச் சிறியது மின்னி பே. அதை விழுங்குவது நகரம். அதற்கு மேல் அந்தமான்-நிக்கோபார், இந்தியா, ஆசியா, உலகம். சென்னையும் மும்பையும் இதே இந்தியப் பாத்திரத்துக்குள் இருப்பதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மும்பையிலும் பெங்களூரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். "நம்ம ஊரு" ஒன்று, இருக்கும் ஊர் ஒன்று என்று அவர்களுக்கும் இரண்டு வட்டங்கள் உண்டல்லவா!

இட்லிக்குள் மியான்மர்

காசு கொடுத்து வாங்கும் படப் புத்தகங்களை விட மளிகைச் சாமான் நன்றாகப் பாடம் சொல்லும். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருவது. துவரையில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்து வருகிறது. அதன் தலைநகர் மபூட்டோ. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்து வருகிறது. அதன் தலைநகர் ஒட்டாவா, டொரண்டோ அல்ல. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. காலை இட்லியையும் மதியச் சாம்பாரையும் வைத்து நான்கு நாடுகளைச் சொல்லிவிடலாம்.

உறவினர் வேலை பார்க்கும் நாடுகளும் அப்படியே. "சித்தப்பா துபாய் நாட்டில் இருக்கிறார்" என்று பிள்ளை சொன்னால் அங்கேயே திருத்த வேண்டும். துபாய் நாடு அல்ல, ஊர். நாடு, ஐக்கிய அரபு அமீரகம். தலைநகர் அபுதாபி. குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் நாட்டின் பெயரே தலைநகரின் பெயர் என்பதால் முதலில் சொல்லிக்கொடுக்க அவை ஏற்றவை.

அந்தமான் தமிழர்களுக்கு வெளிநாடு என்பது குடும்பக் கதை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் நடு அந்தமானின் பேட்டாப்பூரில் குடியேற்றப்பட்டார்கள். 1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் சில, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. தாத்தா பிறந்த ஊர் ரங்கூன் என்று கேட்டு வளரும் பேரனுக்கு அந்த நாட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இன்னும் பின்னால் போனால் ராஜேந்திர சோழனே வந்து நிற்கிறான். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் நிக்கோபார் "மாநக்கவாரம்" என்று வருகிறது. அதில் வரும் கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. நகரின் புதுப்பெயர் நினைவூட்டும் ஸ்ரீவிஜயம், இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருந்த பேரரசு. அதன் தலைநகர் பாலெம்பாங். ஒரு கல்வெட்டிலேயே இரண்டு நாடுகள் அடங்கிக் கிடக்கின்றன.

பத்து வயதுச் சிறுமி செய்த காரியம்

"இதெல்லாம் எதற்கு? பிழைப்புக்கு ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐச் சொல்ல வேண்டும்.

அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா, மாலத்தீவு எனத் தாக்கிய அலை, ஆப்பிரிக்காவின் சோமாலியா வரை சென்று உயிர் குடித்தது.

அந்தமான் கடலின் மறு கரையில், தாய்லாந்தின் புக்கெட் தீவு. அங்கே மாய் காவோ கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் பூகோள ஆசிரியர், ஹவாய் தீவுகளில் வந்த சுனாமியின் படத்தைக் காட்டி இருந்தார். சிறுமிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாய் நம்பத் தயங்கினார். ஆனாலும் அவள் விடவில்லை. தந்தை காவலரிடம் ஓடினார். கடற்கரை காலி செய்யப்பட்டது. சுமார் நூறு பேர் தப்பினார்கள்.

ஹவாயின் தலைநகர் ஹொனலூலு என்று மட்டும் அவள் படித்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும்?

தலையில் குட்டும் முன்

தலைநகரப் பட்டியலை நம்பியே இருப்பதில் இன்னொரு ஆபத்து, பட்டியல் பழசாகிவிடும். பர்மாவுக்கு ரங்கூன் என்று படித்த அப்பா, "நேப்பிடோ" என்று சொல்லும் மகனின் தலையில் குட்டுவது நடக்கிறது. மகன் சொன்னதுதான் சரி. 2005-ல் அரசு அங்கே மாறத் தொடங்கிவிட்டது. இலங்கைக்குக் கொழும்பு என்பதும் அரைகுறை. நாடாளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் இருக்கிறது. நைஜீரியா 1991-ல் லாகோசை விட்டு அபுஜாவுக்குப் போனது. தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள். கஜகஸ்தானின் கதை தனி ரகம். அஸ்தானா 2019-ல் நூர் சுல்தான் ஆகி, 2022-ல் மறுபடி அஸ்தானா ஆனது.

நாடுகளின் எண்ணிக்கையும் நிலையானது அல்ல. ஐக்கிய நாடுகள் சபையில் 193 உறுப்பு நாடுகள். கடைசியாகச் சேர்ந்தது 2011-ல் தென் சூடான்.

பெயர் மாறுவது அந்தமான் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? ஹேவ்லாக் தீவு 2018-ல் ஸ்வராஜ் தீவு ஆனது. நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது. ஏன் மாற்றினார்கள் என்ற கதையோடு சொன்னால் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே மனதில் நிற்கும்.

சுவரில் தேசப்படம் மாட்டுபவர்கள் பிள்ளையின் கண் உயரத்துக்கு மாட்ட வேண்டும், அப்பாவின் கண் உயரத்துக்கு அல்ல. தலைநகரங்களை நோட்டில் எழுதி வைப்பவர்கள் ஜகார்த்தாவைப் பென்சிலால் எழுதுவது நல்லது. போர்னியோ தீவில் நுசந்தாரா என்ற புதிய தலைநகரைக் கட்ட இந்தோனேசியா 2022-ல் சட்டம் போட்டுவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை.