தண்ணியில மக்கும்னு லேபிள்ல போடலாமா?



சோப்பு, கிரீம் தயாரிக்கும் குழுக்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நாங்க தேங்காய் எண்ணெயிலதானே செய்யறோம். தண்ணியில மக்கும்னு லேபிள்ல போடலாமா?" கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன், மக்குவது என்றால் என்ன என்று பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் 'எஸ்டர்' வகைதான். கொழுப்பு அமிலமும் கிளிசரினும் கைகோத்து நிற்பதுதான் இந்த எண்ணெய். கிரீமிலும் ஷாம்பூவிலும் கலக்கும் சில பொருட்களும் இதே வகை. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் அந்தக் கைப்பிடியை அறுக்கின்றன. பிறகு கொழுப்பு அமிலச் சங்கிலியை இரண்டிரண்டு கண்ணியாக நறுக்கித் தின்கின்றன. சங்கிலி நேராக இருந்தால் வேலை சுலபம். கிளை கிளையாக இருந்தால் தாமதமாகும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 1981ல் வெளியிட்டு 1992ல் திருத்திய 301 என்ற சோதனை முறை இருக்கிறது. பாட்டிலில் உப்புச்சத்து கலந்த தண்ணீர் எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல, கழிவுநீர் நிலையத்து நுண்ணுயிர்களைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அவற்றுக்குச் சாப்பாடாக நம்ம பொருளை மட்டும் போட்டு 28 நாள் வைப்பார்கள். நுண்ணுயிர் தின்னத் தின்ன ஆக்சிஜன் குறையும். அதை அளப்பார்கள். பொருள் போடாத பாட்டில் ஒன்றும், சுலபமாக மக்கும் பொருள் போட்ட பாட்டில் ஒன்றும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இருக்கும்.

முழுவதும் மக்கினால் எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ, அதில் 60 சதவீதம் செலவானால் தேர்ச்சி. மிச்சத்தில் பெரும்பகுதி நுண்ணுயிரின் உடம்பாகவே மாறியிருக்கும். பொதுவாக இன்னொரு நிபந்தனையும் உண்டு. 10 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் 60ஐ எட்டணும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பதால் நன்றாகக் கலக்கிவிடவும் வேண்டும். இல்லையென்றால் மக்கும் பொருளும் மக்காததாகத் தெரியும்.

மக்கும் என்றால் கொட்டலாமா?

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். 1 கிராம் எண்ணெய் முழுசாக மக்க ஏறத்தாழ 2.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெயில் காலத்தில் 1 லிட்டர் குளத்துத் தண்ணீரில் கரைந்திருப்பதே 7 அல்லது 8 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால், 1 கிராம் எண்ணெய் சுமார் 380 லிட்டர், அதாவது 25 குடம் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஒரு கரண்டி எண்ணெய்ப் பிசுக்கைக் குட்டையில் கழுவி விட்டால் என்னாகும்? மீன் எதை மூச்சு விடும்? வேகமாக மக்கும் பொருள், ஆக்சிஜனையும் வேகமாகத்தான் இழுக்கும்.

நாம் செய்ய வேண்டியது

* மூலப்பொருள் விற்பவரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். எந்த முறை, எத்தனை நாள், எத்தனை சதவீதம் என்று மூன்றையும் பாருங்கள்.
* ஒரு பொருளின் அறிக்கை இன்னொன்றுக்குச் செல்லாது. ஆசிட் ஸ்லரி எஸ்டரே இல்லை. அதற்குத் தனி அறிக்கை வேண்டும்.
* அறிக்கை கையில் இல்லாமல் 'மக்கும்' என்று லேபிளில் போடாதீர்கள். வாங்குகிறவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நம்ம குழுதான்.
* எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பலோ மரத்தூளோ போட்டுத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். துடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எருக்குழியில் போடுங்கள். குளம், குட்டை, வாய்க்கால் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, நம்ம ஊர்க் கழுவு தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பேசி முடிவெடுங்கள்.