தீப்பெட்டி அட்டையில் ஒரு டாங்கி!

பெருநாள் பணம் கைக்கு வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள்? கடைவாசலில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கியையும், சாவி கொடுத்தால் ஓடும் டாங்கியையும் நோக்கித்தான். "பிள்ளைக்குப் போர் விளையாட்டு எதற்கு?" என்று வாப்பா கடிந்துகொள்வார். "ஆசைப்பட்டதை வாங்கட்டுமே" என்று உம்மா பரிந்து பேசுவார். மஃரிபுக்குள் பொம்மை உடைந்துவிட, வழக்கும் தீர்ந்துவிடும்.

அன்புப் பெற்றோர்களே! இதற்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. டாங்கியை வாங்கித் தராதீர்கள். பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். கண் போன போக்கில் அன்று; மெய்யான டாங்கியின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஆவடியில் பிறந்த அர்ஜுன்

மாதிரிக்கு அயல்நாட்டைத் தேட வேண்டாம். நம் சென்னையை அடுத்த ஆவடியில் வடிவமைக்கப்பட்டு, அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானதே அர்ஜுன் டாங்கி. 1974-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் நெடிய சோதனைகளைக் கடந்து, 2004-இல் முதல் வண்டிகள் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் எடை 58.5 டன். எஞ்சினின் ஆற்றல் 1,400 குதிரைத்திறன். பீரங்கிக் குழலின் துளை 120 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி இரும்புச் சங்கிலிப் பட்டை.

பட்டை எதற்கு என்று பிள்ளை கேட்கும். குருவிகுளத்துப் பிள்ளைக்கு அதை விளக்குவது எளிது. மழை பெய்த கரிசலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதைவதை அது பார்த்திருக்கும். பாரம் சிறிய இடத்தில் அழுந்துவதால் சக்கரம் புதைகிறது. டாங்கியின் பாரத்தை அகன்ற பட்டை பரவலாகத் தாங்குவதால், அத்தனை கனமான வண்டியும் சேற்றிலும் மணலிலும் ஊர்ந்து செல்கிறது.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு

டாங்கி மாதிரிகளுக்கு உலகெங்கும் பெரிதும் வழங்கும் விகிதம் 35-இல் 1. இது பிறந்த கதை சுவையானது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானிய டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்க வேண்டுமென்பதற்காக அதன் அளவை முடிவு செய்தார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது அது மெய்யான டாங்கியில் ஏறக்குறைய 35-இல் 1 பங்காக இருந்தது. அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது!

நாமும் கணக்கிடுவோம். அர்ஜுனின் அகலம் சுமார் 3.86 மீட்டர், 35-ஆல் வகுத்தால் 11 செ.மீ. உயரம் சுமார் 2.32 மீட்டர், மாதிரியில் 6.6 செ.மீ. குழலையும் சேர்த்த நீளம் பத்து மீட்டருக்குச் சற்று மேல். மாதிரியில் ஏறத்தாழ பள்ளிக்கூட அடிக்கோலின் நீளம்.

எடையை மட்டும் 35-ஆல் வகுத்துவிடக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 35-ஐ மும்முறை பெருக்கி, 42,875-ஆல் வகுக்க வேண்டும். 58.5 டன், 1.36 கிலோவாகச் சுருங்கும்! கன அளவு என்னும் பாடத்தை இதனினும் தெளிவாக எந்தக் கரும்பலகை கற்பிக்கும்?

கைக்கெட்டும் பொருள்கள்

விலையுயர்ந்த மாதிரிப் பெட்டிகள் நம் சிற்றூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. கவலை வேண்டாம். கோவில்பட்டி, சிவகாசி வட்டாரம் நமக்கு அருகில்தானே! பழைய நாள்காட்டியின் அட்டை அடிக்கூட்டுக்கும் மேற்கூட்டுக்கும் உதவும். தீப்பெட்டியின் உட்பெட்டி, மேற்கூட்டின் பின்புறச் சாமான் பெட்டியாகும். மருந்து தோய்க்காத தீக்குச்சிகளைத் துணிப் பட்டையில் நெருக்கமாக ஒட்டினால் சங்கிலிப் பட்டை தயார். பால்பேனா ரீபிளின் மீது காகிதத்தைச் சுற்றி ஒட்டினால் பீரங்கிக் குழல். அடிப்பக்கம் சில சுற்றுகள் மிகுதியாக இருக்கட்டும்.

சக்கரத்தின் அளவு தெரியவில்லையா? டாங்கியை நேர் பக்கவாட்டில் காட்டும் படம் ஒன்றைத் தேடுங்கள். தெரிந்த நீளத்தைக் கொண்டு தெரியாததை விகித சமத்தில் கண்டுபிடிக்கலாம். அட்டையைப் பிளேடால் அறுக்கும் வேலை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையை ஒரு மில்லிமீட்டர் பிசகி வெட்டினால், மெய்யான டாங்கியில் அது மூன்றரை செ.மீ. பிழை. மேற்கூடு பொருந்தாது, குழல் கோணும். "சற்றுக் குறைந்தால் என்ன?" என்னும் அலட்சியம் இங்கே செல்லாது. அளவில் குறைவு செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் சூரத்துல் முதஃப்பிஃபீன் என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. நாளை தராசு பிடிக்கப் போகும் கை, இன்று அடிக்கோலில் நேர்மை பழகட்டும்.

காலியான நான்கு இருக்கைகள்

உயிருள்ளவற்றின் உருவங்களில் உலமாக்கள் வலியுறுத்தும் பேணுதலை நாம் அறிவோம். ஆகவே படைவீரர் பொம்மை நமக்கு வேண்டாம். மேற்கூட்டின் மூடியைத் திறந்தே வைத்து, உள்ளே நான்கு இருக்கைகளை மட்டும் செய்யுங்கள். தளபதி, குறி பார்ப்பவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். கடைப் பொம்மை இதைச் சொல்லித் தராது.

பின் பக்கத்தில் அதே விகிதத்தில் ஒரு ஜீப்பையும் செய்து நிறுத்துங்கள். நீளம் ஒன்பதரை செ.மீ. போதும். உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த ஹவில்தார் அப்துல் ஹமீத், 1965-ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில், இத்தகைய ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடுதான் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றார். பல டாங்கிகளை வீழ்த்தி, செப்டம்பர் 10-ஆம் நாள் களத்திலேயே உயிர் நீத்தார். அவருக்கு நாட்டின் தலையாய வீர விருதான பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 32.

அந்த வீரத்தின் அளவு, டாங்கியையும் ஜீப்பையும் அருகருகே பார்க்கும் பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். போர் கொள்ளும் விலையும் விளங்கும்.

வருகிற விடுமுறையில் தொடங்குங்கள். வாப்பா அளக்கட்டும், உம்மா பசை காய்ச்சட்டும், பிள்ளைகள் ஒட்டட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளைக்குள் அது உங்கள் வீட்டு அலமாரியில் நிற்கும், மாலைக்குள் உடைந்துபோகாது.