வயல் குடிக்கும் தண்ணீரும் கணினி குடிக்கும் தண்ணீரும்

சிறுபோகம் வருகிறதென்றால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? எத்தனை ஏக்கருக்குத் தருவார்கள்? வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் வட்டை அதற்குள் வருமா? சென்ற முறை வரவில்லை. வயல் தரிசாகக் கிடந்தது. உம்மா கடையில் அரிசி வாங்கினார்.

அந்த நாட்களில் ஒருநாள் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "அதுவும் தண்ணி குடிக்குமாமே மகள், எங்கட வெள்ளாமையை விடக் கூடவா?" என்று வாப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடி அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் கேட்கும் கேள்விக்கு விடை நம் கையிலுள்ள தொலைபேசியில் தயாராவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில், இரவு பகலாக இயங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அது தயாராகிறது. இயங்கும் கணினி சூடாகும். அந்தச் சூட்டை அகற்றப் பல மையங்கள் தண்ணீரை ஆவியாக்குகின்றன. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறதல்லவா? அதே தத்துவம்தான்.

எவ்வளவு தண்ணீர்? கூகுள் நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அதன் தரவு மையம் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 17 இலட்சம் லீற்றர் செலவிட்டது. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. இனி வயலைப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவே ஏறத்தாழ ஓர் இலட்சம் லீற்றர் வேண்டும். சிறுபோகம் முழுவதும் பாயும் நீரைச் சேர்த்துப் பார்த்தால் நாலைந்து அடி ஆழம் வரும். அதாவது ஏக்கருக்கு 50 முதல் 60 இலட்சம் லீற்றர். அப்படியானால் அந்த மையம் ஓராண்டில் குடிக்கும் 62 கோடி லீற்றரும் நூற்றுச் சொச்சம் ஏக்கரின் ஒரு போகத்துக்குத்தான் போதும். உன்னிச்சைக் குளத்தை நம்பியிருப்பதோ ஆயிரக்கணக்கான ஏக்கர்.

ஆகவே வாப்பாவின் கேள்விக்கு விடை, வெள்ளாமைதான் கூடக் குடிக்கிறது என்பதே. உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்கே போகிறது. இலங்கையில் இது 87 சதவீதமளவில் இருக்கிறது.

எனினும் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எத்தகைய நீர் எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் டாலஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. 2021இல் அந்நகரின் தண்ணீரில் காற்பங்குக்கும் மேல் கூகுளின் மையங்களுக்கே சென்றது. வயலில் பாயும் நீரில் ஒரு பகுதி கிணறுகளில் ஊறும், அடுத்த வயலுக்கு வடியும், மிஞ்சியது வாவியில் சேரும். கணினியைக் குளிர்விக்க ஆவியாகும் நீர் அந்த ஊருக்குத் திரும்புவதில்லை. பல இடங்களில் அது மக்கள் குடிக்கும் குழாய் நீராகவும் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எமது மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. வாசலில் இவ்வளவு தண்ணீர் இருந்தும் அது உவர்நீர் என்பதால் நெல்லுக்கு உதவாது. கணினிக்கோ உவர்நீரும் உதவும். பின்லாந்தின் ஹமினா நகரில் 2011 முதல் கூகுளின் மையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. சூடான நீர் மீன்களைப் பாதிக்கும் என்பதால் அதைத் தணித்த பின்பே கடலில் விடுகிறார்கள். நெல்லுக்கு நன்னீரை விட்டால் வேறு வழியில்லை. இயந்திரத்துக்கு வழி இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஊரில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது எது என்பதை இது காட்டுகிறது.

அதற்காக வயல் வீண்செலவு செய்யலாம் என்பதில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஓர் எளிய முறையைப் பரிந்துரைக்கிறது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகே மீண்டும் நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். இதனால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும்.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "மேல்வட்டைக்காரர் மிச்சம் பிடிச்சாத்தான் எங்களுக்குத் தண்ணி வரும். அவங்களுக்குச் சொல்லுறதுக்கு முன்னால, எங்கட வயலில ஒரு குழாயைப் புதைச்சுப் பார்ப்பம்" என்றார்.