காணாமற் போகும் தேசப்படப் படைகள்

தேசப்படம் வரைதல் இன்று பெரும்பாலும் தாளினின்று நீங்கிக் கணினித் திரையைச் சேர்ந்துவிட்டது. 2002 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாயுள்ள கியூஜிஐஎஸ் என்னும் செயலியை நம் மாணாக்கரும் கையாளுகின்றனர். வீதி, குளம், கிணறு என்பன ஒவ்வொன்றும் இதில் தனித்தனிப் படையாக அமையும். கண்ணாடித் தாள்களில் வரைந்து ஒன்றன்மேலொன்றாக அடுக்கியதை ஒப்பது அது.

எம் வகுப்பு மாணவி ஒருத்தி யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பல மாலைப்பொழுதுகள் இருந்து குறித்து, அக்கோப்பை வேறொரு கணினியிலே திறந்தாள். படையின் பெயர் இருந்தது. கிணறு ஒன்றேனும் இல்லை. உழைப்பு அழிந்ததென்று கலங்கி மீண்டும் வரையத் தொடங்கிவிட்டாள். உண்மையில் அழிந்தது யாதுமில்லை.

இத்தகைய நிலையில் முதற்கண் அப்படையின் பண்பு அட்டவணையைத் திறந்து பார்த்தல் வேண்டும். நிரைகள் இருப்பின் தரவு உண்டு. அது நாம் நோக்கும் இடத்தில் இல்லை என்பதே பொருள். அடுத்து, படை முழுவதையும் காட்டுமாறு செயலியைப் பணித்தால், திரை அது கிடக்கும் இடத்துக்குச் செல்லும். அவ்வாறு செய்தபோது மாணவியின் கிணறுகள் யாவும் தோன்றின. ஆயின் வங்காள விரிகுடாவிலே, சென்னைக்குக் கிழக்கே நடுக்கடலில்!

காரணம் இதுவே. இலங்கையில் இரு நெய்யரிகள் வழக்கில் உள்ளன. இரண்டுக்கும் மூலம் பீதுருதாலகால மலையுச்சியே. பழைய கண்டவல நெய்யரி அவ்வுச்சிக்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என எண் கொடுத்தது. 1999 ஆம் ஆண்டின் நெய்யரியோ ஒவ்வொன்றையும் 500,000 ஆக்கிற்று. ஆகவே புதியதைப் பழையதாகக் கொண்டால் 300 கிலோமீற்றர் கிழக்கேயும் அவ்வளவே வடக்கேயும் இடம் பெயரும். எந்த நெய்யரி என்பதை எண்ணைப் பார்த்தே அறியலாம். கிழக்கு ஆள்கூறு 350,000க்குக் குறைந்தால் பழையது, மிகுந்தால் புதியது. யாழ்ப்பாணம் பழையதில் ஏறக்குறைய 117,000, புதியதில் 417,000.

நெய்யரி இன்னதென்று தெரிந்தால் செயலி தானே மாற்றிப் பொருத்திவிடும். தெரியாமற் போனது எங்ஙனம்? இவ்வகைப் படை ஒரே பெயருடைய பல கோப்புகளின் தொகுதி. அவற்றுள் பிஆர்ஜே என முடியும் சிறு கோப்பே ஆள்கூற்று முறையைச் சொல்வது. மாணவி அதனை விட்டுவிட்டு ஏனையவற்றைப் பிரதிசெய்தாள். படையின் பெயரருகே நின்ற வினாக்குறியை எவரும் பொருட்படுத்தவில்லை. (பொருட்படுத்தாதவருள் யானும் ஒருவன்.)

பரிகாரத்திலும் ஒரு பொறி உண்டு. படைக்கு உரிய முறை இதுவெனக் குறித்தல் வேறு. படையை இன்னொரு முறைக்கு மாற்றிப் புதுக்கோப்பாகச் சேமித்தல் வேறு. முன்னது பெயரை மாத்திரம் இடுவது. பின்னது எண்களையே மாற்றுவது. இங்கு வேண்டியது முன்னதே: 1999 ஆம் ஆண்டு நெய்யரிக்குரிய இபிஎஸ்ஜி எண் 5235ஐக் குறித்தல். பழையதற்கு 5234. பிழையான பெயரோடு இருக்கும் படையை மாற்றிச் சேமிப்பவர் அப்பிழையை நிலைநிறுத்துகின்றார்.

அட்டவணையிலிருந்து ஏற்றும் புள்ளிகளில் அகலாங்கும் நெட்டாங்கும் இடம்மாறுவதுமுண்டு. அப்பொழுது யாழ்ப்பாணம் ஸ்பிட்ஸ்பேர்கனுக்கு அண்மையிலுள்ள ஆர்க்டிக் கடலிற் போய் நிற்கும். பாகைகளை மீற்றர் எனக் கொண்டாலோ இலங்கை முழுவதும் நான்கு மீற்றர் நீளத்துக்கும் குறைந்த ஓர் அறைக்குள் அடங்கிவிடும். எஞ்சியவை எளியவை: வேறொரு படை மேலே மறைத்தல், குறித்த அளவுத்திட்டத்திற் மாத்திரம் தோன்றுமாறு முன்பே கட்டுப்படுத்தியிருத்தல், வடிகட்டி ஒன்று நிரைகளை விலக்கியிருத்தல்.

கிணறுகள் கரை சேர்ந்தபின், வரைபடத்தில் நன்கறிந்த சந்தி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்; பொருந்தின. இரண்டாம் முறை வரைந்தவற்றை அழிப்பதே அவளுக்கு எஞ்சிய வேலையாயிற்று.