திரையில் தெரிவது படமா, உங்கள் சட்டையா?

பிற்பகல் 2 மணி. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் ஒரு பூமாலைக் கடையைப் படம்பிடிக்க நிற்கிறீர்கள். கேமராவின் பின்திரையில் மல்லிகைச் சரம் சரியாகத் தெரியவில்லை. உங்கள் முகமும் வெள்ளைச் சீருடையும்தான் தெரிகின்றன. படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் மல்லிகை இல்லை. வெறும் வெள்ளைத் திட்டு! என் மாணவர் குழு ஒன்றுக்கு இப்படித்தான் ஒரு நாள் உழைப்பு வீணானது.

இதற்காகத்தான் பலர் கேமராவின் மேல் 5 அல்லது 7 அங்குல மானிட்டரைப் பொருத்துகிறார்கள். எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கேமராவின் படம் அதில் தெரியும். ஆனால், பெரிய திரை வாங்கினால் மட்டும் சிக்கல் தீருமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெயிலும் கண்ணாடியும்

திரையின் ஒளிர்வை 'நிட்' என்ற அலகால் அளப்பார்கள். நேரடி வெயிலில் ஒரு பரப்பின் மேல் ஏறத்தாழ 100,000 லக்ஸ் ஒளி விழுகிறது. வெள்ளைச் சட்டை அதில் 80 விழுக்காட்டைச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100,000 × 0.8 ÷ 3.14 என்று கணக்கிட்டால், சட்டையின் ஒளிர்வு சுமார் 25,000 நிட். திரையின் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைப் பிரதிபலிக்கும். அதாவது 1,000 நிட்!

உங்கள் திரை 400 நிட் என்றால், படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் 1,000 நிட். வெள்ளை இடம் 1,400 நிட். இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு வேறுபாடுகூட இல்லை. அதனால்தான் படம் வெளிறிப்போகிறது. 1,000 நிட் மானிட்டர் வாங்கினாலும் வேறுபாடு இரண்டு மடங்குதான்.

இப்போது கறுப்புச் சட்டை அணிந்து அதே இடத்தில் நில்லுங்கள். அது 5 விழுக்காடு ஒளியை மட்டும் சிதறடித்தால், பிரதிபலிப்பு சுமார் 64 நிட்டாகக் குறையும். அதே 400 நிட் திரையில் வேறுபாடு ஏழு மடங்காகிவிடும்! மானிட்டரைச் சுற்றிப் பொருத்தும் கறுப்பு மறைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரவில் நேர்மாறு

தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் படம்பிடித்தால் வேறொரு தொல்லை. இருட்டில் கண்ணின் பாவை விரிந்திருப்பதால் திரை அதிகமாகப் பளிச்சிடும். வெளிச்சம் கூடிவிட்டது என்று நீங்கள் குறைத்துவிடுவீர்கள். கடைசியில் அலங்கார விளக்குகள் மட்டுமே தெரியும்; கீழே நிற்கும் பாட்டியின் முகம் இருட்டில் மறைந்துவிடும்.

ஆகவே, கண்ணை மட்டும் நம்பாமல் அளவீட்டையும் பாருங்கள். மானிட்டரின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. 'ஹிஸ்டோகிராம்' என்ற வரைபடம், எத்தனை பிக்சல்கள் இருட்டாகவும் எத்தனை பிக்சல்கள் வெளிச்சமாகவும் உள்ளன என்று காட்டும். 'ஸீப்ரா' வசதி, வெளிச்சம் அளவுமீறும் இடங்களில் வரிக்குதிரைபோல் கோடு போடும். கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு வாளி. வாளி நிரம்பியபின் கொட்டும் தண்ணீரை அளக்க முடியாது அல்லவா? அதுபோல, அளவுமீறி வெளுத்த மல்லிகையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. விளக்கின் நடுப்பகுதியில் மட்டும் கோடு விழுந்தால் பரவாயில்லை. முகத்தில் விழுந்தால் உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள்.

சிறிய திரையில் லேசான மங்கலும் கண்ணுக்குத் தெரியாது. 'ஃபோக்கஸ் பீக்கிங்' வசதி, அடுத்தடுத்த பிக்சல்களின் ஒளி வேறுபாட்டைக் கணக்கிட்டு, கூர்மையாக உள்ள விளிம்புகளுக்கு வண்ணம் தீட்டும். வண்ணம் கண்ணிமையில் தெரிகிறதா, பின்னால் உள்ள சுவரில் தெரிகிறதா என்று பாருங்கள்.

அன்று இந்த வசதி இல்லை

பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக்கூடம் 1967 வரை இயங்கியது. பி. ரம்லி முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அந்தக் காலத்தில் படச்சுருளைக் கழுவிய பிறகுதான் காட்சி எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். ஒளிமானியும் அனுபவமுமே அன்று துணை. அவர்களும் அளவீட்டைத்தான் நம்பினார்கள்.

செய்து பாருங்கள்

கைப்பேசித் திரையை அணைத்துவிட்டு, வெயில் விழும் இடத்தில் பிடியுங்கள். திரையில் பிரதிபலிக்கும்படி முதலில் வெள்ளைத் தாளையும் பிறகு கறுப்புத் துணியையும் காட்டுங்கள். அடுத்து, திரையில் ஒரு படத்தைத் திறந்து அதையே மீண்டும் செய்யுங்கள். அடுத்த படப்பிடிப்புக்கு மானிட்டர் வாங்கலாமா, கறுப்புச் சட்டையே போதுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.