கொல்லையும் அடுக்களையும் – 9: தாளிப்பைத் தாண்டிய கறிவேப்பிலை

1768இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். டேனிஷ்காரர்கள் ஆண்ட அந்தக் கடற்கரை ஊரில் அவருக்கு மிஷன் மருத்துவர் வேலை. மனமோ செடிகொடிகள் மேல். சுவீடனின் தாவரவியல் மேதை லின்னேயஸிடம் பாடம் கேட்டவர் ஆயிற்றே! சோழமண்டலக் கரையின் செடிகளைத் தேடிப் பிடித்து, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1771இல் கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், சீடனின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்: பெர்ஜெரா கோனிகி. பின்னால் வந்தவர்கள் அதை முர்ராயா கோனிகி என்று மாற்றினார்கள். அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தாவரவியலாளர்கள் பழைய பெயருக்கே திரும்பிவருகிறார்கள். எந்தப் பெயரிலும் தரங்கம்பாடி மருத்துவர் மட்டும் விட்டுப்போகவில்லை.

தமிழர் அடுக்களையில் இந்த இலைக்கு அதைவிட மிகப் பழைய இடம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளம்பிஞ்சு, மிளகு, வெண்ணெய் சேர்ந்த ஒரு கறி வருகிறது. அதில் கறிவேப்பிலையும் விழுகிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடியவரும் அவரே.

டெல்டாவின் வயலில் கறிவேப்பிலைக்கு வேலையில்லை. நெல்லுக்குத் தேங்கும் தண்ணீர் இதன் வேரை அழுகச் செய்துவிடும். அதனால் கொல்லையில் சற்று மேடான இடம் பார்த்து நடுவார்கள். மிஞ்சிய புளித்த மோரை வேரடியில் ஊற்றுவது இன்றும் உள்ள வழக்கம். தமிழ்நாட்டில் விற்பனைக்கென்றே பயிரிடுவது பெரும்பாலும் கோவை மாவட்டத்துக் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம்.

இலையில் என்ன இருக்கிறது? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் கால்சியம் சுமார் 650 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம்தான். இரும்புச்சத்து 8 மில்லிகிராமுக்கு மேல். நார்ச்சத்தும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் தாராளம்.

ஆனால் 100 கிராம் என்பது பெரிய குவியல். சாம்பாருக்குத் தாளிக்கும் ஒரு ஆர்க்கு இலை இரண்டு கிராம் தேறினால் அதிகம். அதில் உள்ள கால்சியம் 13 மில்லிகிராம்; அதுவும் நான்கு பேர் பங்கு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அந்த இலையையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால் மிஞ்சுவது வாசனை மட்டுமே.

இலையையே உணவாக்கும் பக்குவங்கள் தஞ்சை வீடுகளில் இல்லாமல் இல்லை. உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயத்தை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே இரண்டு கைப்பிடி இலையைப் புரட்டி, புளி வைத்து அரைத்தால் துவையல். மிளகும் பருப்பும் இலையும் வறுத்து அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டால் கறிவேப்பிலைக் குழம்பு. ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தவருக்கும், பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டுக்கும் அதுதான். எண்ணெய் இங்கே ருசிக்காக மட்டும் இல்லை; கொழுப்போடு சேர்ந்தால்தான் கரோட்டினை உடல் நன்றாக ஏற்கும். பொடிக்கு இலையை நிழலில் உலர்த்துவது நல்லது. நேரடி வெயிலில் கரோட்டின் வெகுவாக வீணாகும்.

இலையில் ஆக்சலேட்டும் இருப்பதால் கால்சியம் முழுவதும் உடலில் சேராது. இரும்பும் அப்படித்தான்: தாவர இரும்பை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் குறையும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்குத் துவையல் துணை. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்று அல்ல.

சித்த மருத்துவத்தில் பசியின்மை, குமட்டல், வயிற்றுப்போக்குக்குக் கறிவேப்பிலை கைமருந்து. ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர்கள் கண்டது கார்பசோல் ஆல்கலாய்டுகள் எனும் தொகுதியை. மஹானிம்பின், கிரினிம்பின், கோனிம்பின் என்று அதில் பல. நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கு இலைச்சாறு கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை சிறியவை, சில. வெறும் வயிற்றில் பத்து இலை மென்றுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் நரையைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்த பலன் கிடைக்கும்.

கடை இலையில் கவனம் வேண்டும். பூச்சிமருந்து எச்சம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் பரிசோதனைப் பட்டியலில் வைத்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி இந்த இலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அமெரிக்காவுக்கும் பச்சை இலையை எளிதில் கொண்டுபோக முடியாது. பெட்டியில் அம்மா வைத்துவிட்ட கொத்து விமான நிலையத்திலேயே நின்றுவிடுவது அதனால்தான். இங்கே வாங்குபவர்கள் இலையை உருவி, உப்பும் புளியும் கரைத்த நீரில் சற்று ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவது நல்லது. எச்சம் முழுதும் போகாவிட்டாலும் குறையும். கொல்லையில் ஒரு கன்று நட இடமிருந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

(அடுத்த வாரம்: மணத்தக்காளி – கீரையாகவும் வற்றலாகவும்)