ஜப்பானின் பழைய பட அஞ்சலட்டைகள்: படமும் பின்பக்கமும்

ஜப்பானிய அரசு அச்சிட்ட அஞ்சலட்டைகள் 1873ஆம் ஆண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆயினும், தனியார் தாமே அச்சிட்ட அட்டையில் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பலாம் என்ற அனுமதி 1900 அக்டோபரில் கிடைத்த பின்னரே, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் முகவரியும் கொண்ட பட அஞ்சலட்டை அங்கே பெருந்தொழிலாக வளர்ந்தது. ஜப்பானியர் ‘எஹகாகி’ என்று அழைக்கும் இவ்வட்டைகளை உள்நாட்டில் அனுப்ப ஒன்றரை சென், அதாவது ஒரு யென்னில் நூறில் ஒன்றரைப் பங்கு, போதுமானதாக இருந்தது. எளியோர் கைக்கும் எட்டிய இந்த மலிவான தாள்களே, இன்று அருங்காட்சியகங்களும் தனியாரும் தேடிச் சேர்க்கும் வரலாற்றுச் சான்றுகளாக உயர்ந்திருக்கின்றன.

பட அஞ்சலட்டை மோகத்தைத் தூண்டியது 1904–05இல் நடந்த ருஷ்ய–ஜப்பானியப் போர். அஞ்சல் துறையை நிர்வகித்த அமைச்சகம் போர் நினைவு அட்டைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டபோது, அவற்றை வாங்க அஞ்சலகங்களின் முன் மக்கள் முண்டியடித்தனர். போர்முனையில் இருந்த வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையே செய்தி சுமந்ததும் இவ்வட்டைகளே. போர் முடிந்த பின்னும் ஆர்வம் தணியவில்லை. கோயில்கள், கடைத்தெருக்கள், கண்காட்சிகள், வெள்ளச் சேதங்கள் என எல்லாமே அட்டைகளில் இடம்பெற்றதால், செய்தித்தாள்களில் புகைப்படங்கள் பெருகாத அக்காலத்தில் நாட்டு நடப்பைக் கண்ணால் காணும் வாயிலாக அவை விளங்கின.

அட்டைகளை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை, யோகோஹாமாவின் உஎடா, தொன்போயா முதலிய பதிப்பகங்கள் வெளியிட்ட புகைப்பட அட்டைகள். ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்து படியெடுக்கும் கொலோடைப் முறையில் அச்சாகி, பின்னர் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை இவற்றுள் ஏராளம். இரண்டாம் வகை, கல்லச்சிலும் மரக்கட்டை அச்சிலும் உருவான ஓவிய அட்டைகள். கபுராகி கியோகதா போன்ற ஓவியர்கள் இத்துறையில் ஈடுபட்டனர். அவர்களுள் ஒருவரான சுகியுரா ஹிசுய், மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் விளம்பர வடிவமைப்பாளராகப் புகழ்பெற்றார். தகேஹிசா யுமேஜி 1914இல் தோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் தொடங்கிய மினதோயா என்னும் கடையில் அவர் வரைந்த அட்டைகளும் அச்சோவியங்களும் விற்பனையாயின.

சேகரிப்பாளர் முதலில் கற்க வேண்டியது, படத்தைவிடப் பின்பக்கத்தைப் படிக்கும் கலையே. 1907 வரை முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதி இல்லாததால், அப்பக்கம் கோடு எதுவுமின்றி இருக்கும். எழுதியவர்கள் படத்தின் ஓரத்து வெற்றிடத்தில்தான் சொற்களை நெருக்கி எழுதினர். 1907இல் மூன்றில் ஒரு பங்கு இடம் செய்திக்கு ஒதுக்கப்பட்டது. 1918இல் அது பாதியாக விரிந்தது. பிரிக்கும் கோடும் அதற்கேற்ப நகர்ந்தது. 1933 முதல், ‘அஞ்சலட்டை’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கீற்றுகள் கூடுதலாகத் தோன்றுகின்றன. அஞ்சல் முத்திரையில் ஆண்டு பேரரசரின் ஆட்சிக்கணக்கில் இருப்பதால், மெய்ஜி ஆண்டுடன் 1867ஐயும், தைஷோ ஆண்டுடன் 1911ஐயும், ஷோவா ஆண்டுடன் 1925ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். மெய்ஜி 38 என்றால் அது 1905.

பின்பக்கத்தைப் படிப்பதன் பயனை ஒரு கட்டடத்தைக் கொண்டு காணலாம். தோக்கியோவின் அசாகுசா பகுதியில் 1890இல் எழுந்த ரியோஉன்காகு என்னும் பன்னிரண்டு மாடிக் கோபுரம், நகரின் பெருமையாக எண்ணற்ற அட்டைகளில் நிமிர்ந்து நிற்கிறது. 1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்குச் சற்று முன் நிகழ்ந்த கான்தோ பெருநிலநடுக்கத்துக்குப் பின் அச்சான அட்டைகளிலோ, எட்டாம் மாடியளவில் முறிந்து, மேல்மாடிகளை இழந்து நிற்கிறது. கோபுரம் முழுமையாக இருக்கும் ஓர் அட்டையின் பின்பக்கம் பாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அது 1918க்குப் பின் அச்சானது என்று கொள்ளலாம். எனினும், பதிப்பாளர்கள் ஒரே படத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியமையால், புகைப்படம் அதற்கும் முந்தியதாக இருக்கக்கூடும். அட்டையின் வயதும் படத்தின் வயதும் ஒன்றல்ல என்பதை உணர்ந்தவரே நிதானமாக முடிவு சொல்ல முடியும்.

படம் காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. கையால் தீட்டிய வண்ணம், அன்றைய ஆடையின் உண்மை நிறத்துக்குச் சான்றாகாது. ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த தைவான், கொரியா ஆகிய நாடுகளின் மக்களையும், வடபுலத்து ஐனு மக்களையும் வேடிக்கைப் பொருள்போல் நிறுத்தி எடுத்த அட்டைகள் பல உள்ளன. அவற்றில் அம்மக்களின் வாழ்வைவிட, ஆண்டவர்கள் அவர்களைப் பார்த்த பார்வையே தெளிவாகப் பதிந்துள்ளது.

வாங்கும்போது உருப்பெருக்கி ஒன்று கையில் இருப்பது நலம். கொலோடைப் அச்சில் ஒழுங்கற்ற நுண்சுருக்கங்கள் தென்படும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது வேறு முறையில் அச்சானது என அறியலாம். ஈரமும் வெயிலும் படாமல், அமிலமற்ற தாளிலோ பாலிப்ரொப்பிலீன் உறையிலோ அட்டைகளை வைக்க வேண்டும்; பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் அவற்றைக் கெடுக்கும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு லெனர்ட் லாடர் வழங்கிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அட்டைகள், தனி ஒருவரின் சேகரிப்பு ஒரு காலத்தின் கலை வரலாற்றுக்கே ஆதாரமாக முடியும் என்பதைக் காட்டுகின்றன. எழுத்தில்லாத தூய அட்டையை மட்டுமே உயர்வாக எண்ணுவதும், அஞ்சல்தலைக்காக அட்டையைச் சிதைப்பதும் பெரும் பிழை. மையும் முத்திரையும் கையெழுத்தும் கொண்ட அட்டையே, அதை யார், எப்போது, யாருக்கு அனுப்பினார் என்ற செய்தியையும் படத்தோடு சேர்த்துக் காக்கிறது.